நாசிக்கில் பேச்சி தொலைந்த நாள்

குழாயடி வரிசையில் கிடைக்கிற செய்திகளில் பாதி பொய்யாகத்தான் இருக்கும். அன்றைக்கு என் மனைவி பேச்சி கொண்டுவந்த செய்தி மெய். குரு சிம்ம ராசிக்கு வந்திருக்கிறாராம். பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் இப்படி அமையுமாம். இந்தச் சமயத்தில் நாசிக்குக்குப் போய் கோதாவரியில் முழுகினால் நாட்டிலுள்ள எல்லா ஆற்றிலும் முழுகின மாதிரியாம். இடுப்புக் குடத்தை இறக்கி வைக்கும் முன்பே இவ்வளவையும் சொல்லி முடித்துவிட்டு, "எப்போ போறோம்?" என்று கேட்டாள்.

அவள் தாராவிக்கு வந்து அப்போது இரண்டு வருடம். திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். எங்கள் குடியிருப்பை விட்டால் மாட்டுங்கா மார்க்கெட், அதுவும் என்னோடு. நான் அவளைத் தனியாக எங்கும் விட்டதில்லை. ஹிந்தியில் அவளுக்கு நாலு வார்த்தை தெரியும், அதில் இரண்டு காய்கறிப் பெயர். நானோ விக்ரோலியில் ஒரு தொழிற்சாலையில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவன். அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி எனக்கு மெதுவாகப் பேசவே மறந்துவிட்டது. வீட்டில் உப்பு கேட்டால் மூன்றாவது வீட்டிலிருந்து உப்பு வரும்.

"அங்கன லட்சக்கணக்குல ஆள் வருவான். நீ தொலைஞ்சு போயிருவ" என்றேன்.

"நீங்க கையப் பிடிச்சிருந்தா எப்படித் தொலைவேன்?" என்றாள்.

பெரிய ஸ்நான நாள் முடிந்து நாலு நாள் கழித்துப் போனால் கூட்டம் வடிந்திருக்கும் என்று கணக்குப் போட்டு, ஞாயிற்றுக்கிழமையோடு இரண்டு நாள் லீவு சேர்த்து வாங்கினேன். எங்களிடம் நல்ல பை கிடையாது. பக்கத்து வீட்டு காஜா பாய், மேலப்பாளையத்துக்காரர், தோல் பை தைக்கிறவர், தம்முடைய சொந்தப் பையையே கொண்டுவந்து கொடுத்தார்.

"தண்ணியில மட்டும் முக்கிராதீய. பைக்குப் புண்ணியம் வேண்டாம், கேட்டியளா?" என்றார்.

ரயிலில் எங்களுக்குக் கிடைத்தது ஒன்றரை ஆள் இடம். பேச்சி ஜன்னலோரம் உட்கார்ந்தாள், நான் பாதி காற்றில் உட்கார்ந்தேன். கசாரா தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் அவள் ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மழை பெய்து ஓய்ந்த காலம். பாறைக்குப் பாறை அருவி. சில அருவிகள் அவ்வளவு கிட்டத்தில் விழுந்தன, சாரல் உள்ளே வந்து எங்கள் புளியோதரைப் பொட்டலத்தை நனைத்தது. குகைக்குள் ரயில் நுழையும்போதெல்லாம் வண்டி முழுக்க ஒரு கூச்சல் எழும்பும். முதல் குகையில் பேச்சி பயந்து என் சட்டையைப் பிடித்தாள். மூன்றாவது குகையில் அவளும் சேர்ந்து கூச்சல் போட்டாள்.

எதிரே ஒரு மராட்டிக் குடும்பம். அந்த அம்மாள் சோளரொட்டியையும் பச்சை மிளகாய்த் துவையலையும் எடுத்து நீட்டினாள். பேச்சி புளியோதரையை நீட்டினாள். ஒரு வாய் போட்டுவிட்டு அந்த அம்மாள் கணவனிடம் மராட்டியில் சொன்னது எனக்குப் புரிந்தது: "சோற்றை ஏன் இப்படிப் புளிக்க வைத்திருக்கிறார்கள்? ஆனால் நன்றாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் வாங்கு." பேச்சியோ அந்தத் துவையலைத் தின்று கண்ணில் நீர் வழிய, "நம்ம ஊருக்காரிய தோத்துப் போவாளுவ" என்றாள். இருவருக்கும் பொது மொழி கிடையாது. இகத்புரி வருவதற்குள் அந்த அம்மாளுக்கு எத்தனை பிள்ளைகள், மூத்தவளுக்கு எங்கே வரன் பார்க்கிறார்கள் என்பது வரை பேச்சிக்குத் தெரிந்திருந்தது. எப்படி என்று கேட்டேன். "கையால சொன்னா" என்றாள்.

நாசிக் ஸ்டேஷனிலிருந்து ஊர் வெகு தூரம். பஸ்ஸில் கூரை மேலும் ஆள். ஒரு குதிரை வண்டி பிடித்தோம். பாதி வழியில் சக்கரம் சேற்றில் இறங்கியது, குதிரை நின்றுவிட்டது. வண்டிக்காரர் அதட்டினார், கெஞ்சினார், சாட்டையை எடுத்தார். பேச்சி சட்டென்று குதித்து இறங்கிப் போய் குதிரையின் கழுத்தைத் தடவி, "ஏ ராசா, என்ன கோவம்? இன்னும் கொஞ்சந்தானே, வாடா" என்றாள். நானும் வண்டிக்காரரும் பின்னாலிருந்து தோள் கொடுத்துத் தள்ளினோம். குதிரை ஒரு இழுப்பில் வண்டியை மேலே கொண்டுவந்துவிட்டது.

வண்டிக்காரர் என் பக்கம் குனிந்து ஹிந்தியில் கேட்டார்: "உன் வீட்டுக்காரி அதனிடம் என்ன சொன்னாள்? எனக்கும் சொல்லிக்கொடு. இந்தக் குதிரை என் பேச்சைக் கேட்டு ஒரு வருடம் ஆகிறது."

அன்றிரவு ஒரு சத்திரத்தின் தாழ்வாரத்தில் பதினெட்டுக் குடும்பங்களோடு எங்களுக்கும் பாய் விரிக்க இடம் கிடைத்தது.

மறுநாள் விடிந்ததும் தெருமுனைக் கடையில் மிசள் சாப்பிட்டோம். முளைவிட்ட பயற்றுக் குழம்பு. அதன் மேல் மிக்சரைக் கொட்டி வெங்காயம் தூவியிருந்தார்கள். "குழம்புல யாராவது மிக்சரப் போடுவாங்களா?" என்று முகம் சுளித்த பேச்சி கிண்ணத்தை வழித்துவிட்டுத்தான் வைத்தாள். பிறகு கூட்டத்தோடு கூட்டமாக இறங்கி நடந்தோம்.

ராம்குண்டத்தை முதலில் பார்த்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆற்றுக்கு நடுவே கல்படி கட்டின குளம் மாதிரி இருக்கிறது. நான் தாமிரபரணியில் குதித்து விளையாடியவன். ஆனால் இத்தனை ஜனம் ஒரே தண்ணீரில் இறங்கி நான் கண்டதில்லை. மழைத்தண்ணீர் கலங்கலாகச் செம்மண் நிறத்தில் ஓடியது. உடம்பெல்லாம் விபூதி பூசிய சாமியார்கள், பித்தளைச் செம்பை உயர்த்திச் சூரியனைப் பார்த்து நிற்கிற பெண்கள், தோளில் பெற்றவர்களைச் சுமந்து வருகிற பிள்ளைகள். கம்பத்துக்குக் கம்பம் ஒலிபெருக்கி கட்டி யாரோ யாரையோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். சற்றுத் தள்ளி, ஆற்றுக்குள்ளேயே, செந்தூரம் பூசிய பிரம்மாண்டமான அனுமார். அவருக்கு இரண்டு பக்கமும் முகம். எந்தக் கரையில் நின்றாலும் நம்மைப் பார்ப்பார்.

கூட்டம் வடிந்திருக்கும் என்ற என் கணக்கு முழுத் தப்பு. படியில் கால் வைக்க இடமில்லை. பேச்சியோ என் கையை விட்டுத் தண்ணீரைப் பார்த்து இறங்கிக்கொண்டே இருந்தாள். யாரோ ஒருத்தி கூப்பிட்டாள் என்று அந்தப் பக்கம் போகிறாள், பூக்காரி சிரித்தாள் என்று இந்தப் பக்கம் போகிறாள். இரண்டு முறை இழுத்துப் பிடித்தேன். மூன்றாவது முறை எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏட்டி, உனக்கு என்ன தெரியும்? வாயத் திறந்தா இங்க எவனுக்காவது புரியுமா? நான் தூக்குச்செம்பு வாங்கிட்டு வாரேன். வர்ற வரைக்கும் இந்தப் படியிலயே கெட!"

என் குரல்தான் தெரியுமே. சுற்றியிருந்த பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். மொழி புரியாவிட்டாலும் திட்டு யாருக்கும் புரியும். பேச்சி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஆற்று நீர் எடுத்துப்போக ஒரு மூடி போட்ட செம்பு வாங்கிக்கொண்டு திரும்பினேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும். அந்தப் படியே அங்கில்லை போலிருந்தது. போலீஸார் கயிற்றை இழுத்து மாற்றிக் கட்டி, அங்கிருந்த ஜனத்தையெல்லாம் வேறு பக்கம் தள்ளிவிட்டிருந்தார்கள். பேச்சி இருந்த இடத்தில் ராஜஸ்தான் தலைப்பாகைகள் உட்கார்ந்திருந்தன.

கூப்பிட்டேன். பிரஸ் மெஷினையே அடக்குகிற குரல், அந்த ஆற்றங்கரையில் யாருக்கும் கேட்கவில்லை. பாலத்துக்கு ஓடினேன், திரும்பினேன், படிகளில் ஏறி இறங்கினேன். பச்சைச் சேலை எல்லாம் பேச்சியாகத் தெரிந்தது. அவளிடம் சத்திரத்தின் பெயர்கூட நான் சொல்லியிருக்கவில்லை. எதற்கு, நான்தான் இருக்கிறேனே என்று நினைத்திருந்தேன்.

ஒரு போலீஸ்காரர் என்னைத் தொலைந்தவர்கள் பந்தலுக்குக் கைகாட்டினார். பந்தலில் காந்திக் குல்லாய் போட்ட பள்ளிக்கூட மாஸ்டர் ஒருவர் மைக்கின் முன்னால் வியர்த்து வழிந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் பெஞ்சில் ஐந்தாறு பேர். அதில் ஒரு பெரியவர், "எங்க ஊருக்காரவுக யாருமே இல்லியா சாமி" என்று அழுதுகொண்டிருந்தார். தமிழ்!

"மதராஸியா நீ?" என்று மாஸ்டர் ஹிந்தியில் கேட்டார். தலையாட்டினேன். "ஆண்டவன் அனுப்பியிருக்கிறான். காலையிலிருந்து இவர்கள் அழுகிறார்கள், நானும் அழாத குறை. இந்தா, பிடி!" என்று மைக்கை என் கையில் திணித்துவிட்டார்.

தொண்டையைச் செருமினேன். அந்தச் செருமல் நாசிக் முழுக்கக் கேட்டது. மாஸ்டர் எழுதித் தந்ததை அப்படியே தமிழில் சொன்னேன்: ராம்குண்டம் மேல்படித்துறை, மூன்றாம் எண் பந்தல், காவல் சாவடிக்குத் தெற்கே. பேச்சியம்மாள், தாராவி, உடனே வரவும். பிறகு பெஞ்சில் இருந்தவர்களின் ஆட்களைக் கூப்பிட்டேன். திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். ஒருவரும் வரவில்லை.

அரை மணி கழித்து வந்தது ஒரே ஒருவர். கோட்டு, நெற்றியில் சந்தனம், கையில் குடை. மாட்டுங்காவில் இருக்கிறவர், ஏதோ இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை, பெயர் வைத்தியநாதன். அவர் மனைவியையும் காணவில்லை. வந்தவர் என் மேல் பாய்ந்தார்.

"ஏம்ப்பா, மூணாம் நம்பர் பந்தல், மூணாம் நம்பர் பந்தல்ங்கறயே, நம்பர் எந்த பாஷையில எழுதியிருக்கு? எனக்குப் படிக்கத் தெரியும், வந்துட்டேன். எங்காத்துக்காரிக்கு எப்படித் தெரியும்? கண்ணுக்குத் தெரியற ஒண்ணைச் சொல்லேன்!"

சுரீர் என்றது. பந்தலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்தேன். ஆற்றில் அனுமார் நின்றுகொண்டிருந்தார்.

மறுபடி மைக்கைப் பிடித்தேன். இந்த முறை எழுதி வைத்த எதையும் பார்க்கவில்லை. "நம்ம ஆளுக யாரு கேட்டாலும் நல்லாக் கேட்டுக்கிடுங்க. நிமிந்து பாருங்க. ஆத்துக்குள்ள பெரிய அனுமார் நிக்காரு, செந்தூரம் பூசி, ரெண்டு பக்கமும் மொகம். எங்க நின்னாலும் தெரியும். அவரு காலப் பாத்து நடந்து வாங்க. அவருக்கு எதிர்த்த படியில நாங்க நிக்கோம்."

நிறுத்தியிருக்கலாம். ஆனால் மைக் கையில் இருந்தது, பேச்சி எங்கேயோ இருந்தாள். "ஏ பேச்சி, நான் பேசினது தப்பு. பத்துப் பேருக்கு முன்னால வச்சுச் சொன்னேன், இப்ப எல்லாருக்கும் முன்னால வச்சுச் சொல்லுதேன், தப்புதான். வந்திரு."

பந்தலில் இருந்த மராட்டிக்காரர்கள் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. வைத்தியநாதன் மட்டும் குடையைத் தரையில் ஊன்றி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

பத்து நிமிடத்தில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்! மதுரைப் பக்கத்து விவசாயி ஒருவர், கோவில்பட்டியிலிருந்து அண்ணனும் தம்பியும், தஞ்சாவூர்க் குடும்பம் ஒன்று அப்படியே மொத்தமாக. பெஞ்சில் அழுத பெரியவரை அவர் மகன் வந்து கட்டிப்பிடித்துக்கொண்டான். அந்தப் பெரியவர் போகிற போக்கில் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். படிக்கட்டு ஊர்ச்சந்தை போலாகிவிட்டது. எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. வந்தவர்களில் பேச்சி இல்லை.

அப்போது கீழ்ப் படித்துறையில் விசில் சத்தம். ஓடினார்கள், கயிறு வீசினார்கள். "ஒரு பெண்ணைத் தண்ணீர் இழுத்துவிட்டது" என்று யாரோ ஹிந்தியில் சொன்னார்கள். மைக்கைப் போட்டுவிட்டு ஓடினேன். எத்தனை பேரை இடித்துத் தள்ளினேன் என்று தெரியாது. பச்சை முந்தானை தண்ணீரில் மிதப்பதைக் கண்டேன். நீச்சல்காரர்கள் அவளைத் தூக்கி மேலே போட்டார்கள். தண்ணீரைக் கக்கிவிட்டு அந்த அம்மாள் எழுந்து உட்கார்ந்து குஜராத்தியில் யாரையோ திட்டினாள். பேச்சி இல்லை. ஈரப்படியில் அப்படியே உட்கார்ந்தேன். அந்த அம்மாள் பிழைத்ததற்கா, அது பேச்சி இல்லாததற்கா, எதற்கு அழுதேன் என்று இன்றும் பிரித்துச் சொல்லத் தெரியாது.

திரும்பிப் பந்தலுக்கு ஏறும்போது பாலத்துப் பக்கம் கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிடுவதைப் பார்த்தேன். முன்னால் பேச்சி. தலையில் காஜா பாயின் பை. அவள் முந்தானையை ஒரு பெண் பிடித்திருந்தாள். அவள் முந்தானையை இன்னொருத்தி. அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. ஒன்பது பெண்கள்! ரயில் மாதிரி வளைந்து வளைந்து, ஒருத்தி கைகூட விடாமல், அனுமாரைப் பார்த்து வந்துகொண்டிருந்தார்கள். எதிரே வந்த சாமியார் கூட்டம் ஒன்றைப் பேச்சி கையை நீட்டி, "ருக்கோ! ருக்கோ!" என்று நிறுத்தினாள். அவர்கள் நின்றார்கள்.

பேச்சியின் முந்தானையைப் பிடித்து இரண்டாவதாக வந்தது ஒரு மடிசார் மாமி. "வந்தியா!" என்று கூவிக்கொண்டு குடையைப் போட்டுவிட்டு வைத்தியநாதன் ஓடினார்.

நான் பேச்சி முன்னால் போய் நின்றேன். அவள் பின்னாலிருந்து ஒரு தென்காசிக்காரி எட்டிப் பார்த்து, "எக்கா, தப்புதான்னு சொன்ன ஆளு இவுகதானா?" என்று கேட்டாள். ஒன்பது பேரும் சிரித்த சிரிப்பில் மாஸ்டர் எழுந்து வந்துவிட்டார்.

"எங்க போன? எங்கல்லாம் தேடுனேன்!"

"கயித்த இழுத்து எங்கள அக்கரைக்குத் தள்ளிட்டாங்க. கம்பத்துக்குக் கம்பம் ஒங்க குரல்தான் கேக்கு, கிட்டப் போனா கம்பந்தான் நிக்கி. அனுமாருன்னு சொன்ன பொறவுதான் வழி தெரிஞ்சுது. வர்ற வழியெல்லாம் ஒவ்வொருத்தியா நின்னு அழுதிட்டிருந்தாளுவ. விட்டுட்டு எப்படி வர?"

மாஸ்டர் எங்களைப் போக விடவில்லை. இன்னும் நாலைந்து பெண்கள் எங்கேயோ நிற்கிறார்கள் என்று ஆட்கள் வந்து சொல்லியிருந்தார்கள். ஆம்பிளைக் குரலுக்கு வரப் பயப்படுகிறார்களோ என்னவோ என்று பேச்சியையே பேசச் சொன்னார். "இதுல என்னத்தச் சொல்ல?" என்று பின்வாங்கினவள், வைத்தியநாதன் மனைவி முதுகில் ஒரு தட்டுத் தட்டியதும் மைக்கிடம் குனிந்தாள்.

"யக்கா, தங்கச்சி, யாரும் அழாதீய. அனுமாரு காலப் பாத்து வந்திருங்க. நாங்க இருக்கோம். சாப்பிட்டியளா?"

கடைசியில் என்ன கேட்டாள் என்றார் மாஸ்டர். சொன்னேன். அவர் குல்லாயைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பத்து நாளாக இந்த மைக்கில் பேசுகிறேன், ஒருத்தரிடமும் இதைக் கேட்கத் தோன்றவில்லையே!" என்றார். கொஞ்ச நேரத்தில் படியிறங்கி வந்த இரண்டு பெண்கள் பெயர் சொல்வதற்கு முன்னால், "இல்லக்கா, காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல" என்றார்கள். மாட்டுங்கா மாமி தன் இட்லிச் சம்படத்தைத் திறந்தாள்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகுதான் நாங்கள் தண்ணீரில் இறங்கினோம். கூட்டம் அப்போது உண்மையிலேயே குறைந்திருந்தது. தண்ணீர் சில்லென்று எலும்பில் ஏறியது. மூன்று முழுக்குப் போட்டோம். பேச்சி நாலாவதும் போட்டாள், ஐந்தாவதும் போட்டாள். எழுந்து முடியைப் பிழியும்போது கேட்டேன்.

"ரொம்பப் பயந்திட்டியா?"

"மொதல்ல பயந்தேன். ஒங்க குரல் கேட்டுச்சு, பயம் போயிட்டுது." கொஞ்சம் நிறுத்திவிட்டுத் தண்ணீரைப் பார்த்துச் சொன்னாள்: "ஆனா ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதீய. அனுமாருன்னு சொன்னீயள்லா, அப்பவே நான் வந்திருக்கலாம். ஒடனே வரணும்னு தோணல. பாலத்துல நின்னு ஆத்தப் பாத்தேன். ஒரு கிழவி கொய்யாப்பழம் தந்தா, தின்னேன். ஒத்தையில நடந்து எவ்வளவு நாளாச்சு! அப்பந்தான் ஒருத்தி அழுகுத சத்தம் கேட்டுச்சு."

எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. நான் படியில் உட்கார்ந்து அழுத நேரத்தில் இவள் கொய்யாப்பழம் தின்றிருக்கிறாள். ஆனால் ஈரச்சேலையோடு அவள் நின்ற நிலையைப் பார்த்தபோது, என்னைப் பழிவாங்கச் சொல்கிற முகமாக அது இல்லை. உள்ளதைச் சொல்லிவிட்டு என் பதிலுக்காகக் காத்திருக்கிற முகம்.

"கொய்யா நல்லா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் எங்களுக்கு ரயில். பஞ்சவடியில் சீதை குகையைப் பார்க்காமல் போவதா என்றாள் பேச்சி. என் கால் இரண்டும் வீங்கியிருந்தன, தொண்டையில் குரலே இல்லை. "நீ போயிட்டு வா" என்று சைகை காட்டினேன். ஒரு நிமிடம் என்னையே பார்த்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். சத்திரத்துத் தாழ்வாரத்தில் இரண்டு மணி நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு இரண்டு வருடமாக நான் வைத்திருந்த வேலை இது என்று அப்போதுதான் தோன்றியது. இரண்டு கை நிறைய வளையலும் வாய் நிறையச் செய்தியுமாகத் திரும்பி வந்தாள்.

ரயிலில் இந்த முறை இருவருக்கும் முழு இடம். வண்டி நகர்ந்ததும் ஆரம்பித்தாள். குகைக்குள் தவழ்ந்து போக வேண்டுமாம். முன்னால் போன ஒரு பருத்த அம்மாள் நடுவில் மாட்டிக்கொண்டாளாம். பின்னாலிருந்து இவள்தான் தள்ளினாளாம். வெளியே வந்ததும் அந்த அம்மாள் இவளைக் கட்டிக்கொண்டு எந்த ஊர் என்று கேட்டாளாம், இவள் "தாராவி" என்றாளாம். மலை இறங்கும்போது குகைகள் வந்தன, கூச்சல் எழும்பியது, அருவிகள் விழுந்தன. இருட்டில் அவள் குரல் சத்தத்தில் மூழ்கிப் போகும். வெளிச்சம் வந்தால் கை இரண்டும் ஆடிக்கொண்டிருக்கும், கதை நாலு தெரு தாண்டிப் போயிருக்கும். விட்டதை நான் திரும்பக் கேட்டால் அவள் முதலிலிருந்து சொன்னாள். கல்யாண் ஸ்டேஷன் வந்தும் அவள் நிறுத்தவில்லை. எனக்கும் அவள் நிறுத்த வேண்டும் என்று தோன்றவில்லை.